திரிங்காப் மலையும் டீசல் காடியும்

ஆண்டிதழுக்குக் கட்டுரை வேண்டும் என்று கழகத் தம்பிகள் கேட்டபோது எதைப் பற்றி எழுதுவது என்று திருப்பிக் கேட்டேன். "உங்களுக்குத் தெரிஞ்சதை எழுதுங்க, அண்ணே" என்றார்கள். எனக்குத் தெரிந்தது காடி. மொழிக் கழக இதழில் காடியைப் பற்றியா என்று முகம் சுளிப்பவர்கள் தாராளமாக அடுத்த பக்கத்துக் கவிதைக்குப் போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். கழகக் கூட்டம் முடிந்து, மண்டபத்தைப் பூட்டிவிட்டு, வாகன நிறுத்துமிடத்தில் நின்றுகொண்டு நம் பையன்கள் அரை மணி நேரம் பேசுகிறார்களே, அது எதைப் பற்றி? குறுந்தொகையைப் பற்றியா?

நான் பிறந்து வளர்ந்தது கேமரன் மலையின் திரிங்காப். பிரிஞ்சாங்கைத் தாண்டி, கம்போங் ராஜா போகும் வழியில் இருக்கும் சிற்றூர். சுற்றுலாப் பயணிகளுக்கு அது ஜன்னல் வழியே கடந்து போகும் இடம். எங்களுக்கு அது காய்கறிக் கொட்டகைகளும், நெகிழிக் கூரைகளும், விடியற்காலையில் உறுமும் லோரிகளும் சேர்ந்த உலகம். தாத்தா தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தார். அப்பா தோட்டத்தை விட்டு வெளியேறிக் காய்கறி லோரி ஓட்டினார். பிறகு ஒரு பழைய லேண்ட் ரோவர் வாங்கினார். கேமரன் மலையில் ஓடும் பழைய லேண்ட் ரோவர்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அவற்றில் பல, பெயரில் மட்டும்தான் லேண்ட் ரோவர். அப்பாவுடையதில் ஜப்பானிய டீசல் இஞ்சின் உட்கார்ந்திருந்தது. பின்பக்கத்து ஸ்பிரிங் வேறொரு வண்டியுடையது. முட்டைக்கோஸ் கூடைகளை அடுக்க வசதியாகப் பின்பகுதியை வெட்டி ஒட்டியிருந்தார்கள். 'மாடிஃபை' என்ற சொல்லை அப்பா வாழ்நாளில் உச்சரித்ததில்லை. ஆனால் நான் பார்த்த முதல் மாடிஃபைகாரர் அவர்தான்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், காடியை மாற்றியமைப்பதை ஏதோ பட்டணத்துப் பையன்களின் கெட்ட பழக்கம் போல நம் பெரியவர்கள் பேசுகிறார்கள். எங்கள் மலையில் அது பிழைப்பு. தேவைக்கு ஏற்றபடி இயந்திரத்தைத் திருத்திக்கொள்ளும் அறிவு அது. அந்த அறிவை மகன் பொழுதுபோக்குக்குப் பயன்படுத்தும்போது மட்டும் அது ஏன் 'ஊதாரித்தனம்' ஆகிவிடுகிறது என்பது என் பழைய வருத்தம். இந்த வருத்தத்தில் பாதிதான் நியாயம் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அந்தக் கதைக்கு வருகிறேன்.

வேலைக்குச் சேர்ந்து கொஞ்சம் பணம் சேர்ந்ததும் நான் வாங்கியது, கைமாறி வந்த ஒரு ஃபோர்ட் ஃபோக்கஸ் டிடிசிஐ. இரண்டு லிட்டர் டர்போ டீசல், 136 குதிரை சக்தி, 320 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை. நண்பர்கள் சிரித்தார்கள். "டீசல் லோரிக்குத்தானே?" என்றான் ஒருவன். மலேசியாவில் அந்தச் சிரிப்புக்குக் காரணம் உண்டு. தனியார் டீசல் மகிழுந்துகளுக்குக் கூடுதல் சாலை வரி நெடுங்காலம் இருந்தது, 2008-இல்தான் அது பெட்ரோல் வண்டிகளுக்கு இணையாகக் குறைக்கப்பட்டது. எண்ணெய் நிலையங்களில் கிடைத்த டீசலில் கந்தகமும் அதிகம். யூரோ 2எம் டீசலில் பத்து லட்சத்தில் 500 பங்கு வரை இருக்கலாம், யூரோ 5-இல் 10 பங்குதான். அப்படிப்பட்ட எண்ணெயில் நுட்பமான ஐரோப்பிய டீசல் இஞ்சின்களை இறக்க நிறுவனங்களே தயங்கின. எனவே நம் நாட்டில் டீசல் என்றால் பிக்அப், லோரி, பேருந்து என்றே மனத்தில் பதிந்துவிட்டது.

வெளியுலகில் கதை வேறு. 1998-இல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றது ஒரு பிஎம்டபிள்யூ 320டி. 2006-இல் ஆவ்டி ஆர்10 லெ மான் பந்தயத்தை வென்ற முதல் டீசல் வண்டி ஆனது. அவ்வளவு பெரிய வண்டி அவ்வளவு அமைதியாக ஓடியதைப் பார்த்துப் பார்வையாளர்களே திகைத்தார்களாம். நமக்கு நெருக்கமான எடுத்துக்காட்டும் உண்டு. 2010-இல் இந்தியாவில் தொடங்கிய போலோ கோப்பைப் பந்தயத்தில் இளைஞர்கள் ஓட்டியது 1.6 லிட்டர் டீசல் போலோ. தமிழ்நாட்டில் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டைத் தடமும், கோயம்புத்தூரில் கரி மோட்டார் ஸ்பீட்வேயும் இருக்கின்றன. முதல் இந்திய ஃபார்முலா 1 ஓட்டுநர் நாராயண் கார்த்திகேயன் அந்தக் கோவைக்காரர்தான். ஆகவே டீசல் சின்னக் காடியைப் பந்தயத் தடத்தில் ஓட்டும் ஆசை பைத்தியக்காரத்தனம் இல்லை. வாதத்தில் நான் வென்றுவிட்டேன். அடுத்து நான் செய்தவைதான் பைத்தியக்காரத்தனம்.

முதலில் ரீமேப். இஞ்சின் கணினியின் கணக்கை மாற்றி, டர்போ அழுத்தத்தையும் உட்செலுத்தும் டீசலின் அளவையும் கூட்டுவது. பள்ளத்தாக்கில் ஒரு பட்டறையில் மடிக்கணினியைச் சொருகி அரை நாளில் முடித்துக் கொடுத்தார்கள். 170 குதிரை சக்தி என்று தாளில் அச்சடித்தும் கொடுத்தார்கள். எண்ணெயை மிதித்தால் முதுகை இருக்கையோடு அறைந்தது. அடுத்து பெரிய புகைக்குழாய். அடுத்து பெரிய இன்டர்கூலர். அடுத்து சக்கரங்கள். ஏறக்குறைய ஓராண்டு சம்பளத்தின் மிச்சமெல்லாம் அதில் போனது. அந்தப் பட்டறையில் ஒருவராவது "தம்பி, பிரேக் எப்படி இருக்கு?" என்று கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அவர்களைக் குறை சொல்லி என்ன? வாங்க வந்தவன் நான்.

புகையைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பையன்களில் பலர் கறுப்புப் புகையை வீரம் என்று நினைக்கிறார்கள். அது எரியாமல் வெளியே போகும் டீசல். எரிய வேண்டிய அளவுக்குக் காற்று இல்லாதபோது டீசலை மட்டும் கொட்டினால் கரி வரும். பெட்ரோல் இஞ்சினில் கொஞ்சம் கூடுதலாக எரிபொருள் போனால் வெப்பம் தணியும். டீசலில் நேர்மாறு, கூடுதலாகக் கொட்டக் கொட்ட வெப்பம் ஏறும், டர்போவும் பிஸ்டனும்தான் அதற்கு விலை கொடுக்கும். கேமரன் மலையில் இது இன்னும் மோசம். கடல் மட்டத்துக்கு மேல் ஆயிரத்து இருநூறு, ஆயிரத்து நானூறு மீட்டர் என்றால் காற்றின் அடர்த்தி எட்டில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்துவிடும். பள்ளத்தாக்கில் சுத்தமாக ஓடிய என் காடி திரிங்காப் ஏற்றத்தில் அடுப்பங்கரை போல் புகைந்தது.

ஒரு நாள் காலை, காய்கறிக் கடைகளைக் கடந்து வேகமெடுத்தேன். கண்ணாடியில் பார்த்தால் பின்னால் சாலையே தெரியவில்லை. மறுநாள் அந்த வழியில் நடந்து போனபோது, கடைக்கார அக்கா தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து ஒரு கீரைக்கட்டைத் தட்டிக் காட்டினார். "நல்லாத்தான் இருக்குய்யா உன் காடி" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அன்று அவரிடம் பத்து ரிங்கிட்டுக்குக் கீரை வாங்கினேன், வீட்டில் கீரை இருந்தும்.

டீசல் வண்டிகளின் புகைக்கு நம் நாட்டில் 1996-ஆம் ஆண்டு முதலே சுற்றுச்சூழல் விதி இருக்கிறது. 50 ஹார்ட்ரிட்ஜ் அலகைத் தாண்டினால் குற்றம். ஆனால் சட்டத்தைவிட அந்த அக்காவின் துண்டுதான் எனக்கு உறைத்தது. ரீமேப்பைத் திருத்திப் புகையை அடக்கினேன். சக்தி கொஞ்சம் குறைந்தது, ஓட்டத்தில் எனக்கு வித்தியாசமே தெரியவில்லை.

2019-இல் செப்பாங் போனேன். டிராக் டே என்பது பந்தயம் இல்லை. தடத்தை யாரோ நாள் வாடகைக்கு எடுத்திருப்பார்கள். நாம் கட்டணம் கட்டி, பொறுப்பு விலக்குப் படிவத்தில் கையெழுத்திட்டு, தலைக்கவசம் மாட்டிக்கொண்டு, சொந்தக் காடியைக் குறிப்பிட்ட நேரத்துக்கு ஓட்டலாம். பரிசும் இல்லை, மேடையும் இல்லை. 5.543 கிலோமீட்டர், 15 வளைவுகள். 1999 முதல் 2017 வரை ஃபார்முலா 1 ஓடிய அதே தார். அதில் திரிங்காப் எண் வைத்த டீசல் காடி! முதல் சுற்றை முடிக்கும்போது சத்தம் போட்டுச் சிரித்தது நினைவிருக்கிறது.

டீசலுக்குத் தடத்தில் ஒரு குணம் உண்டு. அடிக்கடி கியர் மாற்ற வேண்டாம், வளைவிலிருந்து வெளியே வரும்போது முறுக்கு விசை அள்ளிக்கொண்டு போகும். குறையும் உண்டு. இரும்பு இஞ்சின் கனம், முன்பக்கம் பாரம், வளைவில் மூக்கு வெளியே இழுக்கும், முன் டயர்கள் பாவம். மலைக் குளிரில் பழகிய காடிக்குச் செப்பாங்கின் வெயில் வேறொரு பாடம். பெரிய இன்டர்கூலர் போட்டிருந்தும் நான்காவது சுற்றில் இழுவை தளர்ந்தது. அதைக் கவனித்துக்கொண்டிருந்தேனே தவிர, இடது காலுக்குப் பக்கத்தில் இருந்ததைக் கவனிக்கவில்லை.

ஐந்தாவது சுற்று. பின்நேர்ப்பாதையின் முடிவில் பதினைந்தாவது வளைவு, இடப்பக்கம் கொண்டை ஊசி. மணிக்கு 170-இல் வந்து பிரேக்கை மிதித்தேன். பெடல் பஞ்சு போல அமுங்கித் தரையைத் தொட்டது. மீண்டும் மிதித்தேன், மீண்டும் பஞ்சு. மூன்றாவது மிதிக்குக் கொஞ்சம் பிடித்தது. தடத்தைத் தாண்டி அகலமாக வெளியே போய் நின்றேன். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. தட ஊழியர் ஒருவர் கொடியோடு என்னைப் பார்த்து நின்றார். அந்த வளைவுக்கு வெளியே வெறும் இடம் இருந்தது. அதற்காகவே இடம் விட்டுக் கட்டியிருக்கிறார்கள்.

பிட்டில் இருந்த ஒரு மூத்தவர், பழைய சிவிக் ஓட்டுபவர், பிரேக் எண்ணெய்ப் புட்டியைத் திறந்து பார்த்தார். தேநீர் நிறத்தில் இருந்தது. "எப்ப மாத்துன?" என்றார். வாங்கியதிலிருந்து மாற்றவில்லை. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. புதிய டாட் 4 எண்ணெய் குறைந்தது 230 பாகையில்தான் கொதிக்க வேண்டும் என்பது தரவிதி, ஈரம் ஏறிய பின் அந்த எல்லை 155. கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழ். குமிழை அமுக்கலாம், ஆனால் அது பிரேக் கட்டையைத் தள்ளாது. பஞ்சு என்று நான் சொன்னது அதுதான். ஆண்டு முழுதும் பனியும் மழையுமாக இருக்கும் ஊரில் நிற்கும் வண்டிக்கு இது எவ்வளவு முக்கியம் என்று யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. எங்கள் வீட்டு உப்பு ஜாடியே எப்போதும் கசிந்துதான் இருக்கும்.

அன்று மாலை திரும்பும் வழியில் ஓய்விடத்தில் நிறுத்தி உட்கார்ந்திருந்தபோதுதான் அது நினைவுக்கு வந்தது. பத்து நாளுக்கு முன்னால் அம்மாவை ஈப்போ மருத்துவமனைக்கு அழைத்துப் போக, தாப்பா வழியாக மலையிறங்கினேன். அதே காடி, அதே பிரேக் எண்ணெய். முன்னிருக்கையில் அம்மா, மடியில் மருத்துவ அட்டைகள். பின்னால் ஒரு மைவி ஒட்டிக்கொண்டு வந்ததால் கொஞ்சம் வேகமாகவே இறங்கினேன். காடியின் உறுமலை அம்மா கேட்கட்டும் என்ற ஆசையும் இருந்தது.

பொறியியல் படிப்பவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தானா ராத்தாவிலிருந்து தாப்பா வரை 1,300 மீட்டருக்கு மேல் இறக்கம். அந்த உயரத்தில் இருக்கும் காடியின் நிலையாற்றல், மணிக்கு 170-இல் ஓடும் அதே காடியின் இயக்க ஆற்றலைப் போலப் பதினோரு மடங்குக்கு மேல். காடியின் எடை எதுவானாலும் இந்த விகிதம் மாறாது. காற்றுத் தடையும் இஞ்சினும் ஒரு பகுதியை வாங்கிக்கொள்ளும். ஆனால் டீசல் இஞ்சினில் பெட்ரோல் இஞ்சின் போலக் காற்றை அடைக்கும் தடுக்கு வேலை செய்யாததால், கியரைக் குறைத்து வேகத்தைப் பிடிக்கும் வலிமை அதற்குக் குறைவு. மிச்சமெல்லாம் பிரேக் தட்டில் வெப்பமாகத்தான் இறங்கும். செப்பாங்கில் ஐந்தாவது சுற்றில் கொதித்த எண்ணெய், ரிங்லெட்டுக்குக் கீழே ஏதோ ஒரு வளைவில் கொதித்திருக்கலாம். அங்கே வெளியே வெறும் இடம் இல்லை. கொடியோடு யாரும் நிற்பதில்லை.

இதை அம்மாவிடம் நான் இதுவரை சொல்லவில்லை. இதழ் வீட்டுக்கு வந்தால் தெரிந்துவிடும்.

என் கருத்து இதுதான். நம் பையன்கள் காடியை மாற்றியமைப்பதைத் தடுக்க வேண்டியதில்லை, தடுக்கவும் முடியாது. ஆனால் பணம் போகும் வரிசை தலைகீழாக இருக்கிறது. பிரேக் எண்ணெய், பிரேக் கட்டை, டயர் மூன்றுக்கும் பிறகுதான் இஞ்சின் பக்கமே போக வேண்டும். ரீமேப்புக்கு இரண்டாயிரம், மூவாயிரம் ரிங்கிட் தூக்கிக் கொடுப்பவன், நூறு ரிங்கிட்டுக்குள் முடியும் பிரேக் எண்ணெய் மாற்றத்துக்கு "அடுத்த மாசம்" என்கிறான். அந்த எண்ணெய் யார் கண்ணுக்கும் தெரியாது, புகைப்படத்திலும் விழாது, அதனால்தான்.

இரண்டாவது, ஓட்டும் இடம். சிம்பாங் பூலாய் சாலையிலும் தாப்பா சாலையிலும் இரவில் 'மலையிறக்கம்' ஓட்டும் கூட்டங்களில் நம்மவர்களும் இருக்கிறார்கள். ஜப்பானியக் கார்ட்டூன் பார்த்து வளர்ந்த தலைமுறை, எனக்கும் புரிகிறது. ஆனால் அந்த ஜப்பானியச் சாலையில் நள்ளிரவில் முட்டைக்கோஸ் லோரி ஏறி வராது. எங்கள் சாலையில் வரும். மூடுபனியில் அதிகாலை ஷிப்டுக்கு நடந்து போகும் தோட்டத் தொழிலாளி வருவார். 2010 டிசம்பர் 20 அன்று கம்போங் ராஜா - சிம்பாங் பூலாய் சாலையில் தாய்லாந்துப் பயணிகளின் பேருந்து கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை மலைக்காரர்கள் மறக்கவில்லை. அந்தச் சாலையில் வேகத்தை அளந்து பார்க்க ஆசைப்படுகிறவன் அந்த ஊர்க்காரன் இல்லை என்றே நான் சொல்வேன், பிறந்தது அங்கேயே ஆனாலும்.

"செப்பாங் தூரம், செலவு" என்பார்கள். உண்மைதான். திரிங்காப்பிலிருந்து நான்கு மணி நேரத்துக்கும் மேல். கட்டணம், டயர் தேய்மானம், எண்ணெய் எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு என் மாதச் சம்பளத்தில் கணிசமான பகுதி. வழக்கமான காப்புறுதி பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் செல்லாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், தடத்தில் காடி நொறுங்கினால் நம் கைப்பணம்தான். எனவே ஆண்டுக்கு ஒரு முறை போகிறேன். அந்த ஒரு முறைக்காக ஆண்டு முழுதும் காடியைப் பார்த்துக்கொள்கிறேன். மலைச் சாலையில் இலவசமாக ஓட்டலாம் என்பவர்களுக்கு, காப்புறுதி அங்கேயும் பந்தயத்துக்குச் செல்லாது என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன்.

டீசல் விலையைப் பற்றியும் ஒரு சொல். 2024 ஜூன் 10 வரை தீபகற்பத்தில் லிட்டர் 2 ரிங்கிட் 15 சென். அன்று ஒரே நாளில் 3 ரிங்கிட் 35 சென் ஆனது. எங்கள் ஊரில் லோரிக்காரர்கள் முணுமுணுத்தார்கள், அவர்களில் சிலர் என் உறவினர்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அதுவரை செப்பாங்கில் நான் ஓட்டிய ஒவ்வொரு சுற்றுக்கும் காய்கறி லோரிக்கென்று அரசு கொடுத்த உதவித்தொகையில் ஒரு பங்கு எரிந்திருக்கிறது. இப்போது என் ஆசைக்கு நான் முழு விலை கொடுக்கிறேன், அதில் எனக்கு ஒருவகை நிம்மதி. அவர்களுக்கு அப்படி இல்லை, அது வேறு கட்டுரை.

பெரியவர்களுக்கும் சொல்ல ஒன்று உண்டு. "சம்பளத்தையெல்லாம் காடியில கொட்டுறான்" என்று திட்டுவதால் பையன் காடியை விடுவதில்லை, உங்களிடம் பேசுவதைத்தான் விடுகிறான். அப்பா என்னைத் திட்டவில்லை. செப்பாங்கிலிருந்து வந்த அன்றிரவு நடந்ததை அவரிடம் மட்டும் சொன்னேன். காலையில் எழுந்து பார்த்தால் அவருடைய லேண்ட் ரோவரைத் தூக்கி நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றிப் பிரேக்கைப் பிரித்துக்கொண்டிருந்தார். "ஒன்னுத நாளைக்குப் பார்ப்போம்" என்றார். இருவரும் சேர்ந்து பிரேக் எண்ணெய் மாற்றினோம். அவர் பெடலை மிதிக்க, நான் அடியில் படுத்துக் காற்றை வெளியேற்ற, "மிதிங்க... பிடிங்க... விடுங்க" என்று ஒரு காலைப்பொழுது. பல ஆண்டுகளில் நாங்கள் அவ்வளவு நேரம் பேசிக்கொண்டது அன்றுதான், அந்த மூன்று சொற்களே திரும்பத் திரும்ப என்றாலும்.

கழகத்துக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் பேச்சுப் போட்டி, கவியரங்கம், பட்டிமன்றம் நடத்துகிறோம். தீபாவளி விடுமுறைக்கு முந்தைய சனிக்கிழமை ஒரு காலைப்பொழுதை ஒதுக்கித் தாருங்கள். அந்த வாரம் இந்த வளாகத்திலிருந்து எத்தனை பழைய சாகாக்களும் கஞ்சில்களும் கேமரனுக்கும், பெந்தோங்குக்கும், கிரிக்குக்கும் கிளம்புகின்றன! இயந்திரவியல் படிக்கும் நம் மாணவர்கள் நான்கு பேர் போதும். டயர் ஆழம், பிரேக் கட்டை, பிரேக் எண்ணெய் ஈரம், இந்த மூன்றை மட்டும் பார்ப்போம். காடிக்குப் பத்து நிமிடம். ஈரம் பார்க்கும் பேனா என்னிடம் இருக்கிறது, புட்டிக்குள் நனைத்தால் விளக்கு எரியும். மாணவிகள் "எங்களுக்கு இதெல்லாம் தெரியாது" என்று ஒதுங்க வேண்டாம். சென்ற ஆண்டு என் தங்கையின் தோழி ஒருத்தி ஐந்தே நிமிடத்தில் கற்றுக்கொண்டு மூன்று காடிகளைப் பார்த்துவிட்டாள், அதில் ஒன்று என்னுடையது.

காலை எட்டு மணிக்கு வந்துவிடுவேன். பழைய துணி மட்டும் கொண்டு வாருங்கள், அது எப்போதும் போதாமல் போகிறது.